அணைத்துப் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "சர்வர் பழுதால் சேவை தடைப்பட்டது, பிற்பகலில் சீரானது" என்ற வரியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறேன். கட்டணம் செலுத்தும் இடமானாலும் சான்றிதழ் வாங்கும் இடமானாலும் அந்த வரி மட்டும் மாறுவதே இல்லை. இருபது ஆண்டுகளாக ஒரு கல்லூரியில் சர்வர்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அதிலுள்ள "சீரானது" என்ற சொல்லின் மேல் எனக்கு ஐயம் உண்டு. பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது, யாரோ ஒருவர் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடியும் போட்டதாகவே இருக்கும். அப்படி அணைக்கும்போது, எது கெட்டது என்பதற்கு இருந்த ஒரே சான்றும் கூடவே அழிந்துவிடுகிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சீரியல் கேபிள் இருந்தால் அந்தச் சான்றை இரண்டு நிமிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் கட்டணப் பிரிவின் சர்வர் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் இயங்குவது. ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரே பருவத்தில் அது மூன்று முறை நின்றது. நின்ற விதம்தான் எங்களைக் குழப்பியது. "சார், மறுபடியும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு" என்று கட்டணப் பிரிவிலிருந்து தொலைபேசி வரும். என் மேசையிலிருந்து பிங் செய்து, அதாவது இருக்கிறாயா என்று நெட்வொர்க் வழியே ஒரு சிறு செய்தி அனுப்பிப் பார்த்தால், ஒழுங்காகப் பதில் வரும். உள்ளே நுழைய முயன்றால் இணைப்பும் கிடைக்கும், கடவுச்சொல்லையும் வாங்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு ஒரு எழுத்துக்கூட வராது. பிங்குக்குப் பதில் சொல்வது இயங்குதளத்தின் மையமான கெர்னல். அதற்கு, தரவைச் சேமித்து வைக்கும் வன்வட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை. உள்ளே நுழைவதற்கோ கோப்புகளைப் படிக்கவும், வந்தவர் இன்னார் என்று ஒரு பதிவு எழுதவும் வேண்டும். வட்டைத் தொடாதவை எல்லாம் உயிரோடும், வட்டைத் தொட்டவை எல்லாம் அசைவற்றும் இருந்தால், வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை நின்றுவிட்டது என்று பொருள். இதை நான் புரிந்துகொள்ளவே இரண்டாவது முறை ஆகிவிட்டது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். முதல் முறை நெட்வொர்க் ஸ்விட்ச்சைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று முறையும் அணைத்துத்தான் போட்டோம். மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்" என்று மேலிருந்து வரும் சொல்லை மறுக்க முடிவதில்லை. மூன்றாம் முறை சர்வர் எழுந்ததும், என்னுடன் வேலை பார்க்கும் இளைஞர், சர்வர் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுல ஒண்ணுமே எழுதலையே" என்றார். காலை 10.42க்கு ஒரு சாதாரண வரி. அதற்கு அடுத்த வரி 11.25க்கு, சர்வர் புதிதாகத் தொடங்கியபோது எழுதப்பட்டது. நடுவிலுள்ள 43 நிமிடங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. முந்தைய இரண்டு முறைக்கும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். அங்கேயும் அதே வெற்றிடம். காவல்காரரையே கட்டிப்போட்டுவிட்டு நடந்த திருட்டு இது. லாக் எழுதும் நிரலும் அதே வட்டில்தான் எழுதியாக வேண்டும். வட்டு நின்றதும் அதுவும் வரிசையில் போய் நின்றுவிட்டது. கெர்னல் தன் நினைவகத்தில் குறித்து வைத்திருந்ததை எல்லாம் நாங்கள் பொத்தானை அழுத்தி அழித்துவிட்டோம்.

இங்கேதான் சீரியல் கன்சோல் வருகிறது. 1960களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட ஆர்எஸ்-232 என்ற இணைப்பு முறை இன்றும் பெரும்பாலான சர்வர்களின் பின்புறத்தில் ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு முனையாகவோ, தாய்ப்பலகையில் யாரும் கவனிக்காத ஒரு செருகியாகவோ இருக்கிறது. கெர்னல் தான் சொல்வதை இந்த முனை வழியாகவும் சொல்லும்படி, தொடக்கத்திலேயே ஒரு வரியில் கட்டளையிட்டு வைக்கலாம். கம்பியின் மறுமுனையில் ஒதுக்கிப் போட்ட பழைய கணினி ஒன்று, வருவதை எல்லாம் தன் வட்டில் எழுதிக்கொண்டே இருந்தால் போதும். இதன் பலம் இதன் எளிமைதான். ஓர் எழுத்தை அனுப்ப, கெர்னல் ஒரு பைட்டை ஒரு குறிப்பிட்ட முகவரியில் வைக்கிறது, அவ்வளவே. கோப்பு முறைமையும் வேண்டாம், நெட்வொர்க்கும் வேண்டாம், புதிதாக நினைவகம் ஒதுக்க வேண்டியதும் இல்லை. சர்வரின் பெரும்பகுதி முடங்கிய பின்னும் இந்த வழி பெரும்பாலும் திறந்திருப்பதற்குக் காரணம் அதுதான். மானிட்டரை மாட்டிப் பார்த்தால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய எழுத்துத் திரையில் தெரிவது கடைசி 25 வரிகள் மட்டுமே; நோயின் முதல் அறிகுறி அதற்கு வெகு நேரம் முன்பே மேலே ஓடிப் போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியை மாட்டினோம். முதலில் வந்தவை பொருளற்ற குறிகள். சர்வர் நொடிக்கு 1,15,200 பிட் வேகத்திலும் பழைய கணினி 9,600 பிட் வேகத்திலும் பேசிக்கொண்டிருந்தன. 9,600 போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்பதால் அந்த வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 960 எழுத்துகள்தான் போகும். ஓடிக்கொண்டிருக்கும் நானூறு நிரல்களின், அதாவது செயல்முறைகளின், நிலையைத் தலைக்கு இரண்டாயிரம் எழுத்து வீதம் கேட்டால், முழுவதும் வந்து முடியப் பதினான்கு நிமிடம் ஆகும். 1,15,200இல் அதே வேலை எழுபது நொடி. வரிசையில் மாணவர்கள் நிற்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று.

வேகத்தைச் சரிசெய்த பிறகு இன்னொரு தடை. லினக்ஸில் சிஸ்ரெக் என்றொரு வசதி உண்டு. சீரியல் கம்பி வழியே பிரேக் என்ற சைகையை அனுப்பி, ஐந்து நொடிக்குள் ஓர் எழுத்தை அடித்தால், எந்த நிரலின் உதவியும் இல்லாமல் கெர்னலே நேராகப் பதில் சொல்லும். டபிள்யூ என்ற எழுத்துக்கு, தடைபட்டு நிற்கும் செயல்முறைகள் எவை, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நிற்கிறது என்ற பட்டியலைத் தரும். நாங்கள் அடித்ததும் வந்த பதில், இந்தச் செயல் முடக்கப்பட்டுள்ளது என்பது. பல லினக்ஸ் வெளியீடுகளில் பாதுகாப்பு கருதி இந்த வசதியின் பெரும்பகுதியை அணைத்தே கொடுக்கிறார்கள். அன்றே அதை இயக்கி வைத்தோம். அன்று சோதிக்காமல் விட்டிருந்தால், அடுத்த முறை சர்வர் நின்ற பிறகுதான் இது தெரிந்திருக்கும். அப்போது அமைப்பை மாற்றவும் வழி இருந்திருக்காது.

நான்காம் முறை நின்றது, மேலும் ஐந்து வாரம் கழித்து. இந்த முறை நாங்கள் பொத்தானை நோக்கி ஓடவில்லை. பழைய கணினியின் முன் போய் அமர்ந்தோம். திரை ஏற்கெனவே நிறைந்திருந்தது. கெர்னல் இயல்பாகவே, ஒரு செயல்முறை 120 நொடிக்கு மேல் தடைபட்டு நின்றால் அதன் பெயரைச் சொல்லி எச்சரிக்கும்; அப்படிப் பத்து எச்சரிக்கை சொல்லிவிட்டு அமைதியாகிவிடும். பத்தும் வந்திருந்தன. பிரேக்கை அனுப்பி டபிள்யூவை அடித்தோம். 23 செயல்முறைகளின் பட்டியல் சில நொடிகளில் இறங்கியது.

அந்தப் பட்டியலைப் படிக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பலர் இதைப் பார்த்ததும் மிரண்டு மூடிவிடுகிறார்கள். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பவரிடம் ஏன் நகரவில்லை என்று கேட்டால் தனக்கு முன்னால் நிற்பவரைக் கைகாட்டுவார். நாம் தேட வேண்டியது சன்னலில் நிற்பவரை. எங்கள் பட்டியலில் இருபது பெயர்கள் தரவுத்தளத்தையும் லாக் எழுதும் நிரலையும் சேர்ந்தவை. அவை எல்லாம் ஒரே இடத்தில், ஜேபிடி2 என்ற ஒன்றின் வேலை முடிவதற்காகக் காத்திருந்தன. எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையில் ஜேபிடி2 என்பது கணக்குப்பிள்ளையைப் போன்றது. எந்த மாற்றத்தையும் முதலில் சிட்டையில் குறித்துவிட்டுத்தான் பேரேட்டில் ஏற்றும். சிட்டையில் எழுதி முடித்தேன் என்று அது சொல்லாதவரை, தங்கள் தரவு பத்திரமாகச் சேர்ந்ததா என்று கேட்டு நிற்பவர் யாரும் நகர முடியாது. சரி, அந்தக் கணக்குப்பிள்ளை யாருக்காகக் காத்திருந்தார் என்று அவருடைய வரிகளைப் பார்த்தால், எழுதக் கொடுத்த ஒரு துண்டு வட்டிலிருந்து திரும்பி வருவதற்காக. கணக்குப்பிள்ளையின் பேனாவில் மையும் இருந்தது, தாளும் இருந்தது. தாளை வாங்கிக்கொள்ள வேண்டியவர்தான் கை நீட்டவில்லை.

மீதியை, பட்டியலுக்கு மேலே பதிவாகியிருந்த வரிகள் சொல்லின. மூன்றாம் இணைப்பிலுள்ள வட்டு பதில் தரவில்லை, இணைப்பை மீட்டமைக்கிறேன் என்ற பொருளில் ஒரு செய்தி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே செய்தி, அதே வட்டு. இளைஞர்தான் அந்த வரிகளின் நேரக் குறிப்பைக் கவனித்தார். முப்பது நொடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி, கடிகாரம் வைத்ததைப் போலத் திரும்பத் திரும்ப. லினக்ஸ் ஒரு வட்டுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, பதிலுக்கு இயல்பாகக் காத்திருக்கும் கால அளவே 30 நொடிதான்.

அந்தச் சர்வரில் ஒன்றின் நகலாக ஒன்று இயங்கும் இரண்டு வட்டுகள் இருந்தன. ஒன்று செத்தால் மற்றது தாங்கும் என்பது ஏற்பாடு. ஒன்று சாகவும் இல்லை, பேசவும் இல்லை என்றால் என்ன ஆகும் என்பதை நாங்கள் யோசித்ததில்லை. வீட்டுக் கணினிக்கென்று செய்யப்படும் வட்டுகள், படிக்க முடியாத ஒரு துணுக்கு எதிர்ப்பட்டால், எப்பாடுபட்டாவது அதைப் படித்துவிட வேண்டும் என்று இரண்டு நிமிடத்துக்கு மேலும் முயன்றுகொண்டிருக்கக் கூடும். வீட்டில் அந்தத் தரவுக்கு வேறு நகல் இருக்காது என்பதால் அது நியாயமும் கூட. அப்படி முயலும்போது அது வேறு எந்தக் கட்டளைக்கும் காது கொடுப்பதில்லை. சர்வருக்கென்று செய்யப்படும் வட்டுகள் ஏறக்குறைய ஏழு நொடியிலேயே முடியவில்லை என்று கைவிரித்துவிடும். உடனே மற்ற வட்டிலிருந்து படித்துக்கொள்ளலாம். எங்களிடம் இருந்தவை முதல் வகை. முப்பது நொடியில் லினக்ஸ் பொறுமை இழந்து இணைப்பை மீட்டமைக்கும், கட்டளையை மறுபடி கொடுக்கும், வட்டு மறுபடியும் அதே துணுக்கில் போய் முட்டிக்கொள்ளும். இரண்டு வட்டிலும் எழுதி முடித்தால்தான் எழுதியதாகக் கணக்கு என்பதால், நல்ல வட்டும் கெட்ட வட்டுக்காகக் காத்திருந்தது.

ஏன் எப்போதாவது மட்டும் நின்றது என்ற புதிரும் அப்போது அவிழ்ந்தது. பழைய ஆண்டுகளின் நிலுவைப் பட்டியலை யாராவது எடுத்த நாள்களில்தான் நின்றிருக்கிறது. கெட்ட துணுக்குகள் அந்தப் பழைய தரவு இருந்த பகுதியில். அதுவும் அந்தத் தரவைப் படிக்கும் வேலை இரண்டில் எந்த வட்டுக்கு வருகிறதோ அதைப் பொறுத்தது. வட்டின் தன்னறிக்கையை எடுத்துப் பார்த்தபோது, மொத்த நலம் என்ற இடத்தில் தேர்ச்சி என்றே இருந்தது. அதற்குச் சில வரிகள் கீழே, படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள துணுக்குகளின் எண்ணிக்கை பூச்சியமாக இல்லை. மூன்று முறை சர்வரை எழுப்பியபோதும் முதல் வரியை மட்டும் படித்து மனநிறைவு கொண்டவர்களில் நானும் ஒருவன்.

வழங்கிய நிறுவனத்தின் மேல் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் விலைப்புள்ளி அழைப்பில் "ஒரு டெராபைட் வட்டு, இரண்டு" என்று மட்டுமே எழுதியிருந்தோம். கேட்டதைக் கொடுத்தார்கள். வட்டுகளை மாற்றிய பிறகு அந்தச் சர்வர் இந்தக் காரணத்தால் நிற்கவே இல்லை. மாற்ற இயலாத இடங்களில், வட்டு ஏழு நொடியில் கைவிடும்படி அமைக்க முடியுமா என்று பார்க்கலாம். சில வட்டுகள் ஏற்கும். ஏற்காதவற்றுக்கு லினக்ஸின் 30 நொடியை 180 ஆக உயர்த்தி வைப்பது குறைந்தபட்ச முன்னெச்சரிக்கை.

மக்கள் காத்திருக்கும்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியுமா என்று அதிகாரிகள் கேட்பது நியாயமான கேள்வி. ஆராய்ச்சியைப் பிற்பகலில் செய்துகொள்ளலாம். சர்வர் நிற்கும்போது தேவைப்படுவது பிரேக், டபிள்யூ, அரை நிமிடம் இடைவெளி, இன்னொரு முறை டபிள்யூ, அவ்வளவே. இரண்டு முறை எடுப்பது எதற்கென்றால், ஒரே இடத்தில் உறைந்து நிற்பவரையும் மெல்ல நகர்பவரையும் பிரித்தறிவதற்கு. பிறகு பொத்தானைத் தொடாமல், அதே கம்பி வழியே எஸ், யூ, பி என்ற எழுத்துகளை ஒவ்வொரு முறையும் பிரேக்குடன் அனுப்பலாம். எழுத வேண்டியதை எழுது, கோப்பு முறைமையைப் படிக்க மட்டும் என்று மாற்று, மறுதொடக்கம் செய் என்பவை அவற்றின் பொருள். வட்டே நின்றிருக்கும்போது முதல் இரண்டும் முடியாமல் போகலாம். பி மட்டும் பெரும்பாலும் கேட்கும். நான்காம் முறை எங்கள் கட்டணப் பிரிவு மூடியிருந்தது மொத்தம் பதினொரு நிமிடம், முந்தைய மூன்று முறையையும் விடக் குறைவு.

இப்போது எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே, கம்பியை எங்கே மாட்டுவது என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்தார். கம்பிதான் போயிற்று, முனை போகவில்லை. மெய்நிகர் கணினிகளுக்கும் மெய்நிகர் சீரியல் முனை உண்டு. அமேசான் தன் கிளவுடு வாடிக்கையாளர்களுக்கு 2021இல் சீரியல் கன்சோலைத் திறந்துவிட்டது. நேரடிச் சர்வர்களிலும், தாய்ப்பலகையிலுள்ள மேலாண்மைச் சில்லு வழியாக இதே சீரியல் பேச்சை நெட்வொர்க்கில் கேட்கும் வசதி அந்தச் சில்லுடன் பேசுவதற்கான ஐபிஎம்ஐ என்ற பொதுமுறையின் இரண்டாம் பதிப்பு வெளிவந்த 2004 முதலே இருக்கிறது. அப்படிச் செய்பவர்கள் அந்த நெட்வொர்க்கைத் தனியே பிரித்து வைக்க வேண்டும். ஐபிஎம்ஐயின் கடவுச்சொல் முறையிலுள்ள ஓட்டை 2013இலேயே வெளிப்பட்டுவிட்டது. மேலும் சீரியல் கன்சோலைப் பிடித்தவர் கையில் சர்வரின் கடிவாளமே இருக்கிறது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பழைய சர்வர்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். சீரியல் முனையிலிருந்த கம்பியைக் கழற்றினாலே அதைப் பிரேக் என்று எடுத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த சர்வர் சட்டென்று நின்று ஓகே என்று காட்டும். கம்பிக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

சர்வர் வாங்கும் அலுவலகங்கள் தங்கள் ஒப்பந்தப்புள்ளியில் சீரியல் கன்சோல் இணைப்பும் அதன் பதிவை வேறொரு கணினியில் சேமிக்கும் ஏற்பாடும் இருக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்த்தால் விலை கூடப்போவதில்லை. அதே போல, பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை மணி நேரத்தில் சர்வர் எழ வேண்டும் என்று எழுதுபவர்கள், அணைப்பதற்கு முன் எடுத்த பதிவை ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதலாம். தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. "சீரானது" என்று யாராவது சொன்னால், எது பழுதாக இருந்தது என்று அடுத்த கேள்வியைக் கேட்டு, வந்த பதிலையும் சேர்த்து வெளியிட வேண்டும்.

எங்கள் கல்லூரியில் மாதத்தின் முதல் திங்கட்கிழமை பழைய கணினியின் முன் போய் என்டர் விசையை ஒரு முறை தட்டிப் பார்ப்பது வழக்கம். சர்வர் தன் பெயரைச் சொல்லிப் பயனர் பெயரைக் கேட்க வேண்டும். சென்ற மாதம் தட்டியபோது ஒன்றும் வரவில்லை. பழைய கணினியில் மாட்டியிருந்த யூஎஸ்பி சீரியல் கேபிளை யாரோ நெட்வொர்க் ஸ்விட்ச்சை அமைப்பதற்காகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள், பெயர்ச்சீட்டோடு சேர்த்து. புதிதாக இரண்டு கேபிள் வாங்கி, ஒன்றை மாட்டி, மற்றதை என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கல்லூரிச் சர்வர் பராமரிப்பாளர் ஒருவர்,
மதுரை மாவட்டம்.